எத்தனை மணிக்கு எடுத்த தண்ணீர்?

திருநெல்வேலிச் சீமையில் இருக்கிற எங்கள் ஊர் ஓடைக்கு வரைபடத்தில் பெயர் கிடையாது. ஊரில் கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். மேல்கரைக்காரர்களுக்கு அது மாடன் கோயில் ஓடை. கீழ்க்கரையில் வாழை போட்டிருப்பவர்களுக்கு வெறும் ‘பள்ளம்’. வருஷத்தில் ஏழெட்டு மாதம் அதில் ஓடுவது மழைத்தண்ணீர் இல்லை, வீடுகளில் பாத்திரம் கழுவிவிட்ட தண்ணீர். ஐப்பசி கார்த்திகையில்தான் அது நிஜமாகவே ஓடையாகும். அப்போது எங்கள் ஊர்க் குளத்தை நிரப்பி, மறுகால் பாய்ந்து, கீழே இரண்டு மூன்று குளங்களில் ஏறி இறங்கி, கடைசியில் கோரம்பள்ளம் குளம். அங்கிருந்து உப்பாற்று ஓடை வழியாக, உப்பளங்களுக்கு நடுவே, தூத்துக்குடிக் கடல். எங்கள் ஊர்க்காரர்கள் பாதிப் பேருக்கு இந்தத் தண்ணீர் கடலுக்குப் போகிறது என்பதே தெரியாது. குளத்தோடு முடிந்தது என்று நினைப்பு. நானும் நாற்பது வயது வரை அப்படித்தான் நினைத்திருந்தேன், அதுவும் வேதியியல் வாத்தியாராக இருந்துகொண்டு.

(தூத்துக்குடியைத் திருநெல்வேலிச் சீமையில் சேர்க்கலாமா என்று யாராவது சண்டைக்கு வருவதற்கு முன்: 1986 வரை எல்லாம் ஒரே ஜில்லாதான். தண்ணீருக்கு இன்னும் ஒரே ஜில்லாதான்.)

நான் இந்த வேலையில் இறங்கியதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. பள்ளி ஆய்வகத்தில் மாங்கனீஸ் சல்பேட் ஒரு முழுப் புட்டி திறக்காமலே கிடந்தது. ஸ்டாக் பதிவேட்டில் வருஷா வருஷம் அதே எண்ணை எழுதிக்கொண்டிருந்தேன். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு விங்க்ளர் சோதனையைச் செய்து காட்டலாமே என்று தோன்றியது. 1888-இல் லாயோஷ் விங்க்ளர் என்ற ஹங்கேரிக்காரர் கண்டுபிடித்த முறை அது. தண்ணீரில் எவ்வளவு ஆக்சிஜன் கரைந்திருக்கிறது என்று சொல்லிவிடும். புட்டியைக் காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்பி, மாங்கனீஸ் சல்பேட்டும் காரம் கலந்த அயோடைடும் விட்டால், ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாகத் திரியும். இல்லையென்றால் வெள்ளையாகவே நிற்கும். அப்புறம் அமிலம், ஸ்டார்ச், தயோசல்பேட் என்று சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கிற வழக்கமான டைட்ரேஷன். பிள்ளைகளுக்கு அந்தப் பழுப்பு பிடித்திருந்தது. டீ மாதிரி இருக்கிறது என்றார்கள்.

மூன்று மணி பீரியடில் குளத்துப் படித்துறையில் எடுத்த தண்ணீர். கணக்குப் போட்டால் லிட்டருக்கு 11 மில்லிகிராம் வந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மீன் வாழ 4 போதும், குளிக்க 5, கிருமிநீக்கம் மட்டும் செய்து குடிக்கிற தண்ணீருக்கு 6 என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாடு சொல்கிறது. எங்கள் குளத்தில் 11! தலைமையாசிரியரிடம்கூடச் சொல்லிவிட்டேன்.

ராத்திரி படுத்த பிறகுதான் உறுத்தியது. முப்பது டிகிரி சூட்டில் தண்ணீர் தானாகக் காற்றிலிருந்து பிடித்துவைத்துக்கொள்ளக்கூடிய ஆக்சிஜன் 7.5 மில்லிகிராம்தான். பதினொன்று எங்கிருந்து வந்தது? டைட்ரேஷனில் கை தவறிவிட்டது என்று முடிவு கட்டி, மறுநாள் அதே நேரத்தில் மறுபடி செய்தேன். ஏறக்குறைய அதே எண்.

குளத்தில் மீன் பிடிக்கிற உரிமையைக் குத்தகை எடுத்திருந்த பெரியவர் வலையைக் காயப்போட்டுக்கொண்டே இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன பார்க்கிறோம் என்று கேட்டார். தண்ணீரில் காற்று நிறைய இருக்கிறது, நல்ல தண்ணீர் என்றேன். சிரித்தார்.

“சாயங்காலம் பாத்தா நல்லாத்தான் இருக்கும் சார்வாள். விடியக்காலம் வந்து பாருங்க. மீனு வாயைப் பொளந்துக்கிட்டு மேல நிக்கி.”

மறுநாள் ஐந்து மணிக்குப் போனேன். நின்றது. கெண்டைக் குஞ்சுகள் தண்ணீர்மட்டத்தில் வாயை வைத்துக் காற்றை முழுங்கிக்கொண்டிருந்தன. புட்டியில் எடுத்த தண்ணீர் வெள்ளையாகவே நின்றது. பழுப்பு என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் கற்பனை வேண்டும். அதே குளம், அதே படித்துறை, பதினான்கு மணி நேர இடைவெளி.

பாடப்புத்தகத்தில் இருக்கிற விஷயம்தான். நானே பத்து வருஷமாக நடத்திய பாடம். ஓடையில் வரும் சாக்கடையும் உரமும் பாசிக்குத் தீனி. பகலில் வெயில் இருக்கிறவரை பாசி ஆக்சிஜனைக் கொட்டும், அதனால் பதினொன்று. இருட்டினால் அந்தப் பாசியும் மூச்சுவிட வேண்டும், அழுகுகிற பாசியைத் தின்னும் கிருமிகளும் மூச்சுவிட வேண்டும். விடியும்போது மிச்சம் ஒன்றும் இருக்காது. பிற்பகலில் எண் ஏறி நின்றதே நோயின் அடையாளம். அதைத்தான் நான் ஆரோக்கியம் என்று தலைமையாசிரியரிடம் சொல்லியிருந்தேன். பெரியவர் டைட்ரேஷன் எதுவும் செய்யாமல் இதை அறிந்திருந்தார். “விரால் சாவாது சார்வாள், அது மேல வந்து காத்தக் குடிச்சிக்கிடும். கெண்டதான் போயிரும்” என்றும் சொன்னார். அதுவும் சரி. விராலுக்கு நேராகக் காற்றைச் சுவாசிக்கிற உறுப்பு இருக்கிறது.

அன்றிலிருந்து யார் தண்ணீர்ப் பரிசோதனை முடிவு என்று தாளை நீட்டினாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை மணிக்கு எடுத்தது? எந்தக் கருவி, எந்த ஆய்வகம் என்பதெல்லாம் பிறகு.

ஆய்வகம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஒருமுறை ஓடைத் தண்ணீரை முறையாகச் சோதிக்கலாம் என்று பணம் கட்டி ஒரு தனியார் ஆய்வகத்துக்கு அனுப்பினோம். பெயர் வேண்டாம். ஐஸ் பெட்டியில் வைத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். அடுத்த நாளிலிருந்து தீபாவளி விடுமுறை. விடுமுறை முடிந்து, அலமாரியில் வெளியே இருந்த புட்டியை எடுத்துச் சோதித்து, அழகாக அச்சடித்த தாளில் முடிவு கொடுத்தார்கள். அழுக்கைத் தின்னக் கிருமிகளுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்று பார்க்கும் சோதனை அது. நம் நாட்டில் 27 டிகிரியில் மூன்று நாள் வைத்துப் பார்ப்பார்கள். அந்த மூன்று நாளும் அலமாரியிலேயே முடிந்திருந்தது. அழுக்கெல்லாம் அங்கேயே தின்று தீர்ந்தபின் அளந்தால் தண்ணீர் சுத்தமாகத்தான் தெரியும். தாளில் முத்திரையெல்லாம் இருந்தது. பத்திரமாக வைத்திருக்கிறேன், பிள்ளைகளுக்குக் காட்ட.

அதற்கப்புறம் மாதிரிகள் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்கு வந்தன. தோசைமாவுக்குப் பக்கத்தில் ஓடைத் தண்ணீர். “இதுல எது குடிக்கிறது, எது ஓடைன்னு எழுதியாவது ஒட்டுங்க” என்று வீட்டில் சொன்னார்கள். அப்படித்தான் எங்கள் புட்டிகளில் லேபிள் ஒட்டும் பழக்கமே வந்தது. தேதி, இடம், மணி.

ஹைட்ரஜன் சல்பைடு குப்பி என்று ஒன்றுண்டு. 1982-இல் குவாலியரில் இருந்த பாதுகாப்புத் துறை ஆய்வகத்தினர் வெளியிட்ட எளிய முறை. மலக்கிருமி இருந்தால் தண்ணீர் கறுத்துவிடும். சூடாக வைக்க இன்குபேட்டர் வேண்டும் என்பார்கள். எங்கள் ஊரில் மேசைமேல் வைத்தாலே போதும். பத்துக் குப்பி வாங்கி ஓடை நெடுக எடுத்தோம். பத்தும் கறுத்தன. மேலே, கீழே, கோயிலுக்கு முன்னால், பின்னால் எல்லாம் கறுப்பு. உண்டா இல்லையா என்று மட்டும் சொல்லும் சோதனையை, உண்டு என்று எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் செய்தது என் தப்பு. அது கிணற்றுக்கு உரிய குப்பி.

சரி, முதல் மழைக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையே அந்த ஒரு ராத்திரியைச் சொல்லத்தான்.

எங்கள் பக்கம் ஆனி ஆடியெல்லாம் கச்சான் காற்றுத்தான். மேற்கே குற்றாலத்தில் சாரல் என்று டிவியில் காட்டுவார்கள், இங்கே கண்ணில் மண் விழும். அந்த மாதங்கள் முழுக்க ரோட்டில் டயர் தேய்ந்த பொடி, எண்ணெய், ஆட்டுப்புழுக்கை, சந்தைக் கழிவு, வாழைக்குப் போட்டு மண்ணிலேயே கிடக்கும் உரம் எல்லாம் சேர்ந்துகொண்டே இருக்கும். ஐப்பசியில் முதல் மழை வந்து அத்தனையையும் சில மணி நேரத்தில் வழித்து ஓடையில் தள்ளும். வருஷ அழுக்கில் பெரும்பங்கு அந்த ஒரு மழையில் போய்விடலாம். இதைப் படித்திருந்தேன். பார்க்க வேண்டும் என்று ஆசை.

பாலத்துக்குப் பக்கத்து வீட்டுப் பையன் என் மாணவன். மழை வந்தால் எத்தனை மணியானாலும் போன் பண்ணு என்று சொல்லி வைத்திருந்தேன். ராத்திரி ஒன்றேமுக்காலுக்கு வந்தது. “சார், மழை. பெரிய மழை.” டார்ச்சும், பக்கெட்டும், கயிறும், பன்னிரண்டு புட்டிகளும். பாலத்தில் நாலு பையன்கள் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் அப்பாமார்கள் இரண்டு பேர், பிள்ளைகளை வாத்தியார் என்ன செய்கிறார் என்று பார்க்க வந்தவர்கள், குடையோடு. கால் மணிக்கு ஒரு புட்டி, மூன்று மணி நேரம்.

காலையில் அந்தப் பன்னிரண்டையும் ஆய்வக ஜன்னல் திண்டில் வரிசையாக வைத்தோம். பள்ளிக்கூடமே வந்து பார்த்தது. முதல் புட்டி கலங்கல், செம்மண் நிறம். இரண்டாவது இன்னும் கொஞ்சம். மூன்றாவது சாம்பல் கலந்த கறுப்பு. நான்காவது தார் மாதிரி, மூடியைத் திறந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். ஐந்தாவதிலிருந்து தெளிய ஆரம்பித்து, பத்துக்கு மேல் வெறும் வண்டல் தண்ணீர். தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டரும் அதே கதையைத்தான் சொன்னது.

எனக்குக் குழப்பமாக இருந்தது. முதல் மழையின் முதல் தண்ணீர்தானே மோசமாக இருக்க வேண்டும்? நாலாவது ஏன்? ஒரு பையன்தான் கேட்டான், “சார், நாலாவது தண்ணி தூரத்துலேருந்து வந்திருக்குமோ?”

வேகம் அளப்பது கஷ்டமில்லை. தண்ணீரில் பாதி முங்கி மிதக்கிற ஏதாவது ஒன்றைப் போட்டு, இருபது மீட்டர் கயிற்றின் நீளத்தைக் கடக்க எத்தனை விநாடி என்று பார்த்தால் போதும். ஆரஞ்சுப் பழம் போடச் சொல்வார்கள். அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்தது பனங்காய். ராத்திரியே ஒரு பையன் சும்மா விளையாட்டுக்குப் போட்டு எண்ணியிருந்தான், முப்பத்துமூன்று விநாடி. மேல்மட்டம் அடித்தண்ணீரைவிட வேகமாக ஓடும் என்பதால் 0.85-ஆல் பெருக்கிக் குறைக்க வேண்டும். விநாடிக்கு ஏறத்தாழ அரை மீட்டர். பாலத்தில் தண்ணீர் வர ஆரம்பித்ததற்கும் நான்காவது புட்டிக்கும் நடுவே முக்கால் மணி நேரம். 2,700 விநாடி, அரை மீட்டர் வீதம் 1,350 மீட்டர்.

அந்தச் சனிக்கிழமை ஓடையோடு மேலே நடந்தோம். தோராயமான கணக்குத்தான், நூறு இருநூறு மீட்டர் முன்னேபின்னே இருக்கலாம். அவ்வளவு சந்தேகம்கூட வைக்காமல், வாரச்சந்தைத் திடலின் பின்பக்கம் எங்களுக்காகக் காத்திருந்தது. கோழிக்கடைக் கழிவு, பக்கத்துக் கல்யாண மண்டபத்தின் எச்சில் இலைக் குழி, அதிலிருந்து ஓடைக்கு இறங்கும் வழுக்குச் சரிவு. வெயில் காலத்தில் எத்தனையோ முறை அந்த வழியே போயிருக்கிறேன், மூக்கைப் பொத்திக்கொண்டு. அது ஓடையின் பகுதி என்று தோன்றியதே இல்லை. மழைபெய்த முக்கால் மணி நேரத்துக்குத்தான் அது ஓடையோடு சேரும்.

அதை வைத்து மனு கொடுத்தோம், குழியை மூடினார்கள், ஆறு மாதத்தில் வேறு இடத்தில் தோண்டினார்கள். அந்தக் கதை எல்லா ஊரிலும் ஒன்றுதான், விட்டுவிடுகிறேன்.

எனக்குப் பிடிபட்டது வேறு. தேசிய நீர்த்தரக் கண்காணிப்பில் ஆறுகளிலும் ஏரிகளிலும் மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ தண்ணீர் எடுக்கிறார்கள். தேவையான வேலை, குறை சொல்லவில்லை. வருஷக்கணக்கில் பார்த்தால்தான் போக்கு தெரியும். ஆனால் பகல் பதினொரு மணிக்கு, ஜீப் போகிற ரோடு இருக்கிற இடத்தில், மழையில்லாத நாளில் எடுத்த தண்ணீருக்கு நாலாவது புட்டியைத் தெரியாது. வருஷத்தில் அப்படி ஒரு முக்கால் மணி நேரம் இருக்கிறது என்று அந்த அட்டவணைக்குத் தெரிய வழியில்லை. பெரிய ஆறான தாமிரபரணியிலும் இதே கதைதான். நெல்லை டவுன், பாளையங்கோட்டை, மேலப்பாளையம் பக்கத்துச் சாக்கடைகள் ஆற்றிலும் பாளையங்கால்வாயிலும் எங்கெங்கே இறங்குகின்றன என்று மழையில் ஒருநாள் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். மறுநாள் வெயிலில் ஆறு மறுபடி வெள்ளி மாதிரி மின்னும். ஆகாயத்தாமரை மட்டும்தான் எதையும் மறக்காமல் கரையோரம் பச்சையாக நிற்கும். எங்கள் பக்கம் அதை அமலைச் செடி என்போம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. கோரம்பள்ளம் குளம் உடைந்தது. எங்கள் பாலத்தில் பெயின்ட்டால் போட்டிருந்த அளவுக்கோட்டோடு பாலத்தின் கைப்பிடிச் சுவரும் போனது. பதினைந்து நாள் கழித்து ஓடையில் தண்ணீர் எடுத்துச் சோதித்தோம். எல்லா எண்ணும் நல்லபடியாக இருந்தது. “வெள்ளம் சுத்தம் பண்ணிட்டு சார்” என்றாள் ஒரு பெண்.

அன்றைக்கு வகுப்பில் ஒரு கணக்குப் போட்டேன். லிட்டருக்கு 2 மில்லிகிராம் நைட்ரஜன் என்று வைத்துக்கொள்வோம். சின்ன எண்தான், யாரும் பயப்பட மாட்டார்கள். ஓடையில் 100 கன அடி போகிறது. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர், அப்படியானால் விநாடிக்கு 2,830 லிட்டர், அதில் 5.66 கிராம் நைட்ரஜன். ஒரு நாளைக்கு 86,400 விநாடி. பெருக்கினால் 489 கிலோ. இப்போது வரும் 45 கிலோ யூரியா மூட்டையில் 46 சதவீதம் நைட்ரஜன், அதாவது இருபது கிலோ சொச்சம். ஆக, ஒரு நாளைக்கு இருபத்துமூன்று மூட்டைக்கு மேல் யூரியாவைப் பாலத்தில் நின்று கடலுக்குக் கொட்டுகிற மாதிரி. வெள்ளத்தில் கன அடி ஆயிரக்கணக்கில் போகும். தண்ணீர் பெருகினால் எண் இறங்கும், மூட்டை இறங்காது. வகுப்பில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒருவன் “எங்கப்பா கேட்டா அழுதுருவாரு” என்றான்.

அந்த மூட்டைகள் போய்ச் சேரும் இடத்தைப் பார்க்க ஒருமுறை பிள்ளைகளை வேன் பிடித்து உப்பாற்று ஓடை கடலில் சேரும் பக்கம் கூட்டிப்போனேன். பெயின்ட் டப்பா மூடியைக் கறுப்பும் வெள்ளையுமாக நாலு பாகமாய்ப் பூசி, கயிற்றில் கட்டி எடுத்துப்போயிருந்தோம். 1865-இல் செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் போப்பாண்டவரின் கப்பலிலிருந்து இறக்கிப் பார்த்த வெள்ளைத் தட்டின் பேரன் அது. எத்தனை அடி ஆழத்தில் தட்டு மறைகிறதோ அதுதான் தெளிவு. மதியம் இறக்கினோம், நல்ல தெளிவு. மீட்டரும் கடல்நீரின் எண்ணையே காட்டியது. ஓடைத் தண்ணீர் இங்கே வருவதற்குள் சுத்தமாகிவிடுகிறது என்று குறிப்பு எழுதிக்கொண்டிருந்தான் ஒருவன்.

வள்ளத்தில் வலை சீர்பண்ணிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்து, “இப்ப கடல் ஏறுத நேரம்லா அண்ணாச்சி. நீங்க மோந்தது கடல்தண்ணி. இறங்கும்போது பாருங்க” என்றார்.

மறுபடியும் நேரம். தூத்துக்குடியில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்கும் குறைவு. அதனாலேயே நான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. சாயங்காலம் வரை காத்திருந்தோம். தண்ணீர் திரும்பியதும் தட்டு பாதி ஆழத்திலேயே மறைந்தது. கல் கட்டிய புட்டியை அடியில் இறக்கி, தக்கையைக் கயிற்றால் சுண்டித் திறந்து எடுத்துப் பார்த்தால், மேலே ஓடைத் தண்ணீர், அடியில் உப்புத் தண்ணீர். ஒன்றின்மேல் ஒன்று படுத்துக்கொண்டு போகிறது. எந்த ஆழத்தில் என்று ஒரு கட்டத்தையும் எங்கள் லேபிளில் அன்றைக்குத்தான் சேர்த்தோம்.

அந்த வள்ளக்காரர் இன்னொன்றும் சொன்னார். முதல் மழைத்தண்ணீர் இறங்கினால் கரைக்கடலில் ஒரு கோடு தெரியுமாம், அந்தப் பக்கம் நீலம், இந்தப் பக்கம் காப்பி. கோடு எத்தனை தூரம் போகிறது என்று பார்த்துத்தான் வலை விடுவதை முடிவு செய்வார்களாம். கரையிலிருந்து அதிக தூரமில்லை வான் தீவு. அதைச் சுற்றியிருக்கும் பவளப்பாறைக்கு வெயில் வேண்டும், வெயில் இறங்கத் தெளிந்த தண்ணீர் வேண்டும். வண்டல் படிந்தால் மூச்சு முட்டும், உரம் வந்தால் பாசி ஏறி மூடும். மன்னார் வளைகுடாவின் இருபத்தொரு தீவுகளையும் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். எங்கள் ஊர்ச் சந்தைத் திடலின் பின்பக்கத்தை அறிவிப்பில் சேர்க்கவில்லை.

போன ஐப்பசியில் ஒருநாள் போன். கீழ்க்கரை வாழைக்காரர். அன்று பாலத்தில் குடையோடு நின்ற இரண்டு அப்பாக்களில் ஒருவர்.

“சார்வாள், நாளைக்கு மழைங்கான். யூரியா இன்னைக்கு வச்சிரலாமா, இல்ல மழ கழிச்சி வைக்கவா?”

மூட்டைக்கு 266 ரூபாய் 50 காசு. அவர் கேட்டது பவளப்பாறைக்காக இல்லை, அது எனக்கு நன்றாகத் தெரியும். பொறுங்கள், மழை ஓயட்டும், மண் ஈரமாக இருக்கும்போது வைத்து மண்ணைப் போட்டு மூடிவிடுங்கள் என்றேன். சரி என்று வைத்துவிட்டார்.

மறுநாள் மழை வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் மறுபடி போன்.

“எங்க சார்வாள் மழ?”